பிறந்த வீட்டுக் கோடி

அன்று காலை ஓடுபாதையில் இருந்தவர்கள்: நான், என் அப்பா, அப்பாவுக்கு மூத்தவரான பெரியப்பா, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த எழுபது தாண்டிய வெள்ளைக்காரர் ஒருவர், பிஸ்கட் டப்பா ஒன்றில் அவருடைய தாயார். வராதவர் ஒரே ஒருவர். அந்தத் தாயாரின் அண்ணன். இருபத்திரண்டு வயது. குண்டு போடும் விமானத்தை ஓட்டியவர். இரண்டாம் உலகப் போரின்போது இதே இடத்திலிருந்து கிழக்கே பறந்து போனவர் இன்னும் திரும்பவில்லை. நாங்கள் கூடியதே அவருக்காகத்தான் என்பதால், அவர் வராததை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஓடுபாதை எங்கள் ஊர்க் கம்மாய்க்கு மேற்கே கிடக்கிறது. ஓரங்களில் கருவேல மரம், நடுவே வெடித்துப்போன தளம். ஊர்ப் பிள்ளைகள் டூவீலர் பழகுவது அங்கேதான். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டு படம் எடுக்க வருவார்கள். அவர்கள் கொண்டு வரும் ட்ரோன்தான் இப்போது அங்கே பறக்கும் ஒரே வாகனம். ஆடுகளும் அதற்குப் பழகிவிட்டன.

போர்க்காலத்தில் அங்கிருந்து விமானங்கள் கிளம்பினால் முதலில் கடப்பது செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரைகளைத்தான். அந்த வீடுகளின் தூணும் உத்தரமும் பர்மாத் தேக்கு. கட்டிய காசும் பர்மாக் காசு. அவற்றின் தலைக்கு மேலேயே பறந்து போய் பர்மாவில் குண்டு போட்டுவிட்டு வந்தார்கள். கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்களாம். தங்கள் சொந்த அரிசி ஆலைக்குத்தான் குண்டு போகிறது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலும்.

எங்கள் குடும்பத்துக்கு அதில் நஷ்டம் கிடையாது. பர்மாவில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. இங்கேயும் பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கினேன். அந்தப் பட்டத்தால் எங்கள் தெருவில் மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வதும், மின்வாரிய நோட்டீசுக்கு விளக்கம் சொல்வதும் என் பொறுப்பாயின. இரண்டு வருடமாகக் கோட்டையூரில், ஓட்டலாக மாறிவிட்ட ஒரு பெரிய வீட்டின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே தங்க வந்தவர்தான் இந்த வெள்ளைக்காரர். ஓடுபாதை எங்கள் ஊருக்குப் பக்கம் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓடுபாதைக்குப் போகும் வழியில், காரில், தான் வந்த காரியத்தைச் சொன்னார். விமானி அவருக்குத் தாய்மாமன். அவருடைய அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அந்த ஒரே அண்ணன். போர்க்காலத்தில் வீட்டுக்கு வந்த தந்தியில் 'காணவில்லை' என்றுதான் இருந்ததாம். பிறகு அரசாங்கம் அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டது. அம்மா மாற்றிக்கொள்ளவில்லை. தொண்ணூறு வயதுக்குமேல் வாழ்ந்தவர், அண்ணனைப் பற்றி 'இருந்தான்' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. போரில் இறந்தவர்களோடு அண்ணன் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருந்த சுவரை, அது தன் ஊரிலேயே இருந்தும், போய்ப் பார்க்கவில்லை. என் சைக்கிள் பம்ப் அவனிடம் இருக்கிறது, வந்ததும் கேட்பேன் என்று சொல்வாராம்.

"என்னை அவன் கடைசியாக நின்ற இடத்தில் கொண்டுபோய்ப் போடு என்றாள்" என்றார் அவர். "ஒரே ஒரு நிபந்தனை. அங்கே யாரும் அவன் செத்துவிட்டான் என்று சொல்லக்கூடாது. நான் சத்தியம் செய்திருக்கிறேன். நீ மொழிபெயர்க்கும்போதும் பார்த்துக்கொள்."

பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். தமிழில் அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது யோசிக்கவில்லை. பிணமாகக்கூட அகப்படாத ஒருவரைச் சாகடிக்காமல் மரியாதையாகப் பேச நம்மிடம் சொல்லே இல்லை. மறைந்தவர், காலமானவர், தெய்வமானவர். கொஞ்சம் மரியாதை கூடினாலே ஆள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

அப்பாவை வரச் சொன்னது நான். பெரியப்பாவைக் கூட்டி வந்தது அப்பா. வெளியூர் ஆள் யார் வந்தாலும் சால்வை போர்த்துகிற கை பெரியப்பாவின் கை. அந்த வாரம் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. கரகம் எடுப்பது வருடா வருடம் பெரியப்பாதான். அதற்காகச் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டியிருந்தார். கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் இழவு வீட்டுப் பக்கம் போகக்கூடாது, ஊர் எல்லை தாண்டக்கூடாது, கெட்ட சொல் காதில் விழக்கூடாது. சால்வையைப் போர்த்தியதும் அவரை அனுப்பிவிட்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

பெரியப்பா சால்வை போர்த்தினார். கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார். ஆனால் நகரவில்லை.

"தொரைக்கு ஊருல என்ன உத்தியோகம்?"

கேட்டுச் சொன்னேன். "டவுன் பஸ் ஓட்டுனாகளாம் பெரியப்பா. இப்ப ரிட்டயர்டு."

பெரியப்பா போர்த்திய சால்வையை ஒரு தரம் பார்த்தார். "சரி, வெள்ளக்காரன் ஊருலயும் டவுன் பஸ்ஸு இருக்குல்ல" என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளைக்காரர் சட்டைப்பையிலிருந்து மாமனின் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். சாய்த்து வைத்த தொப்பி. கொஞ்சம் பெரிய காதுகள். சிரிக்கலாமா வேண்டாமா என்று கேமராக்காரனிடம் கேட்பது போன்ற முகம்.

அப்பா குனிந்து பார்த்தார். "என்னண்ணே, மீச கூட ஒழுங்கா மொளைக்கல. இந்தப் பயலயா குண்டு போட அனுப்புனாக?"

"ஆளு எங்க இப்ப?" என்றார் பெரியப்பா.

"காணோம் பெரியப்பா. கெழக்க போனவுக, இன்னும் வரல."

"எம்புட்டு நாளா?"

"எம்பது வருசமா."

பெரியப்பா என்னை முறைத்தார். "எம்பது வருசமா காணோம்னா அதுக்கு வேற பேருடா."

"அந்தப் பேரச் சொல்லக்கூடாது பெரியப்பா. காப்புக் கட்டியிருக்கீக" என்றேன். அதற்குக் கட்டுப்பட்டார். என் வாக்கு ஒரு கண்டம் தாண்டியது.

அடுத்து வெள்ளைக்காரர் டப்பாவைத் திறந்தார். உள்ளே வெளிர்சாம்பல் நிறத்தில் பொடி. பெரியப்பா எட்டிப் பார்த்தார். "இது என் அம்மாவின் சாம்பல்" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

அஸ்தி என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் காப்புக் கட்டியவர் காதில் அதைப் போடக்கூடாது. சாம்பல் என்றால் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குவது. கடல் தாண்டி வந்த ஒரு தாயை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்தவன் அல்லவா, மங்கலமும் மரியாதையும் சேர்ந்த ஒரு சொல்லைத் தேடினேன். கிடைத்தது.

"இது அவுக அம்மாவோட நீறு பெரியப்பா."

பெரியப்பா செருப்பைக் கழற்றினார். அப்பாவும் கழற்றினார். வெள்ளைக்காரரும், என்னவென்று தெரியாமல், பூட்சைக் கழற்ற ஆரம்பித்தார். பெரியப்பா இரண்டு கையையும் ஏந்தினார். வெள்ளைக்காரர் ஒரு நொடி தயங்கி, டப்பாவை நீட்டினார். பெரியப்பா மூன்று விரலால் எடுத்து, அண்ணாந்து, "தாயே" என்று நெற்றி நிறையப் பூசினார். விரலில் மிச்சமிருந்ததை, கோயிலில் எல்லோரும் செய்வதுபோல, வாயில் போட்டுக்கொண்டார்.

"கரகரங்குது" என்றார். "எந்த ஊரு அம்மன்டா?"

"அம்மன் இல்ல பெரியப்பா. அம்மா."

"அதேன்டா, நாமளும் அம்மான்னுதான சொல்றோம். வேளாங்கண்ணி மாதிரியா?"

"அவுகளப் பெத்த அம்மா. எரிச்சு... டப்பாவுல..."

நெற்றிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. பெரியப்பாவின் தாடையும் நின்றது.

துப்பத்தான் திரும்பினார். திரும்பிய பக்கத்தில் வெள்ளைக்காரர் நின்றிருந்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. எங்கள் நாட்டு வழக்கம் இது என்று நினைத்துவிட்டார். தானும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். "எங்கள் ஊரில் என் அம்மாவை யாரும் இவ்வளவு கிட்டத்தில் சேர்த்துக்கொண்டதில்லை" என்றார். அதை நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்காமல் இருந்திருக்கலாம்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வாய் மூடியபடியே இருந்தது. பிறகு தண்ணீர் பாட்டிலுக்குச் சாடை காட்டினார். ஓட்டல் பாட்டிலைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பாட்டிலைக் குடித்தார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

"போயிட்டாக" என்றார்.

வேறு யாரும் எதுவும் சொல்வதற்குள் காப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டார். தளத்தின் ஓரத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தார். இழவு வீட்டில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார்.

"எப்ப தவறுனாக?"

"போன மார்கழில."

"பொறந்த வீட்டுக் கோடி யாரு போட்டா?"

இது தெரியாத ஊர்க்காரர் இருக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதுதான் கோடி. அண்ணன் தம்பி கொண்டு வந்து மேலே போட்டால்தான் எடுப்பார்கள். வர நேரமானால் பிணம் காத்திருக்கும். கோடி வராமல் ஒருத்தி போனாள் என்றால் அவளுக்கு ஆள் இல்லை என்று பொருள். அதைவிட ஏச்சு கிடையாது.

வெள்ளைக்காரரிடம் இதை விளக்க வெகுநேரம் ஆனது. புரிந்ததும் தலையாட்டினார். அப்படி யாரும் கொண்டு வரவில்லை, அம்மாவுக்கு இந்த அண்ணனை விட்டால் பிறந்த வீட்டில் ஒருவரும் கிடையாது என்றார்.

"மாமனுக்குப் பிள்ள குட்டி?"

"கல்யாணமே ஆகல பெரியப்பா."

பெரியப்பா நாக்கால் 'ச்சு' என்றார். உலகம் முழுக்கச் சேர்ந்து நடத்திய ஒரு போரில், அந்த இருபத்திரண்டு வயதுப் பையன்மேல் எங்கள் ஊர் கண்டுபிடித்த ஒரே குற்றம் இதுதான்: தங்கச்சிக்குக் கோடி கொண்டு வரவில்லை.

"அப்ப நான் போடுறேன்" என்றார் பெரியப்பா.

"அண்ணே, நீங்க எதுக்கு?" என்றார் அப்பா.

"உள்ள போயிட்டாகளேடா. இனிமே எனக்கு ஒட்டு இல்லைங்கிறியா?"

இதைப் பெருந்தன்மை என்று வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டார். பெருந்தன்மையும் இருந்தது. ஆனால் எந்த விசேஷத்திலும் முதல் ஆளாக நின்றே பழகியவர் பெரியப்பா. கரகம் கையை விட்டுப் போய்விட்டது. கோடியாவது கையில் இருக்கட்டும் என்று தோன்றியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடியது. பெரியப்பா எதையும் மறைக்கவில்லை. தனக்குத் தீட்டு என்று சொல்லிவிட்டார். சிக்கல் அதில்தான். ஒருவருக்குத் தீட்டு என்றால் பங்காளிகள் எல்லோருக்கும் தீட்டு. பாதி ஊர் பங்காளி. திருவிழா நின்றுவிடும். யாரோ ஒருவர், சிவபெருமானே சுடலைச் சாம்பல்தான் பூசுகிறார், இதில் என்ன தீட்டு என்றார்.

"சிவன் பூசுவாரு" என்றார் பெரியப்பா. "எனக்கென்ன மூணு கண்ணா இருக்கு?"

பெரியப்பாவுக்கு அடுத்தபடியாகக் கரகத்துக்கு ரொம்ப நாளாகக் காத்திருந்த ஒரு சித்தப்பா எழுந்தார். "முழுங்குனது அண்ணன் மட்டுந்தேன். தீட்டும் அண்ணனுக்கு மட்டுந்தேன். நாங்க யாரும் ருசி பாக்கல."

சிரிப்பு எழுந்தது. தீர்ப்பும் அதுவே ஆனது. தீட்டு பெரியப்பாவின் வயிற்றோடு நின்றது. காப்பை இடையில் அவிழ்த்ததற்கு அபராதம் விதித்தார்கள். கரகம் சித்தப்பாவுக்குப் போனது. தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்த பெரியப்பா, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பெரியம்மா சோறு வைக்கக் கூப்பிட்டபோது, "பசிக்கல" என்றார். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் பசிக்கும்? அதேன் வெள்ளக்காரியத் தின்னுட்டு வந்துருக்கீகளே."

மறுநாள் காரைக்குடிக்குச் சேலை எடுக்கப் போனோம். வெள்ளைக்காரரும் வந்தார். கடைப்பெண், வெள்ளையா கலரா என்று கேட்டது. கணவர் இருந்தால் கலர், இல்லாவிட்டால் வெள்ளை. விசாரித்ததில், வெள்ளைக்காரருக்கு நான்கு வயதாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் விவாகரத்து வாங்கிக்கொண்டு பிரிந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அதற்கு என்ன நிறம் என்று கடைக்கும் தெரியவில்லை, பெரியப்பாவுக்கும் தெரியவில்லை.

"தீத்து விட்டாச்சுன்னா பச்சையா எடு" என்றார் பெரியப்பா. எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பச்சையில் மஞ்சள் கரை. பெரியப்பா பேரம் பேசாமல் வாங்கி நான் பார்த்த முதல் துணி அது. வெள்ளைக்காரர் காசை எடுத்தார். பெரியப்பா அவர் கையைத் தள்ளினார். "மகன் காசுல வாங்குனா அது எப்படிரா பொறந்த வீட்டுக் கோடி ஆகும்? வைக்கச் சொல்லு உள்ள."

எங்கே போடுவது என்பதுதான் மிச்சம். ஓடுபாதையில் குழி தோண்டுவதைப் பெரியப்பா ஒப்பவில்லை. ஆடு மிதிக்கும், நாளைக்கு ஒருத்தன் அங்கே பைக் பழகுவான், அஸ்தி போய்ச் சேருகிற இடம் கடல்தான் என்றார். கடல் என்றதும் வெள்ளைக்காரர் முகம் மாறியது. கடல் என்றால் விமானம் அதில் விழுந்தது என்று ஒப்புக்கொண்டதாகும். அம்மா சம்மதிக்க மாட்டாள் என்றார். அதை அப்படியே பெரியப்பாவிடம் சொன்னேன்.

"விழுந்தாகன்னு யாரு சொன்னா? கடலுக்கு அங்குட்டுப் போனாகன்னுதான சொல்றோம். அந்தப் பாதையில கொண்டு போய் விட்டா, தேடிப் போயிக்கிருவாக."

மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை என் சொல்லில் ஒரு பிசகும் இல்லை என்று நினைக்கிறேன். அவர் வெகுநேரம் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

அதற்கு மறுநாள் தேவிபட்டினத்துக் கடற்கரைக்குக் காரில் போனோம். காப்பு இல்லாததால் பெரியப்பா தாராளமாக ஊர் எல்லையைத் தாண்டினார். கரையில் ஒரு புரோகிதர் கிடைத்தார். சாம்பலை மண் கலயத்துக்கு மாற்றி, பெரியப்பா சேலையைப் பிரித்து அதன்மேல் போர்த்தினார். சுருக்கம் இல்லாமல் ஓரங்களை நீவிவிட்டார். எங்கள் அத்தைக்குக் கோடி போட்டபோதும் அப்படித்தான் நீவிவிட்டதாக அப்பா பிறகு சொன்னார்.

புரோகிதர் இலையில் பிண்டம் பிடிக்க ஆரம்பித்தார். "அந்தம்மாவோட அண்ணனும் கடல் தாண்டிப் போனவர் வரலைன்னீங்களே. அவருக்கும் ஒண்ணு வச்சிருவோம். எப்போ இறந்தார்? திதி தெரியாட்டிப் பரவாயில்லை. இறந்துட்டார்னு கர்த்தா வாயால சொல்லணும், அவ்வளவுதான்."

கர்த்தா அந்த வெள்ளைக்காரர்தான். ஈர வேட்டியில் கூப்பிய கையோடு என்னைப் பார்த்தார். கேட்டதைச் சொன்னேன். எண்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒரு வார்த்தையை, ஒரு உருண்டை சோற்றுக்காக, அந்நிய நாட்டுக் கடற்கரையில் சொல்ல வேண்டும். அவர் உதடு அசைந்தது. சத்தியத்தை முறிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இவ்வளவு பேர் வந்து நிற்கிறோம், எங்களைச் சங்கடப்படுத்தக்கூடாதே என்று தோன்றியிருக்கும்.

பெரியப்பா குறுக்கே வந்தார்.

"சாமி, இப்பதேன் அவரு பேருல கோடி போட்டுருக்கேன். செத்தவன் எங்குட்டாச்சும் தங்கச்சிக்குக் கோடி கொண்டாருவானா?"

"நீங்கதானே போட்டீங்க?"

"அவுகளுக்குப் பதிலா நான் போட்டேன். வர முடியல, ஆளுகிட்டக் குடுத்து விட்டாக. கோடி குடுத்தனுப்புன ஆளுக்குப் பிண்டம் வச்சா ஊருல என்னய என்ன சொல்லுவான்?"

புரோகிதர் யோசித்தார். அவர் படித்ததில் இதற்கு மறுப்பு இல்லை. பிடித்து வைத்திருந்த இரண்டாவது உருண்டையை முதல் உருண்டையோடு சேர்த்துப் பெரிதாக்கினார். தட்சணையிலும் முந்நூறு குறைத்துக்கொண்டார்.

நடந்ததை வெள்ளைக்காரரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் போய் அவரும் பெரியப்பாவும் கலயத்தைச் சேலையோடு விட்டார்கள். கொஞ்ச தூரம் பச்சையாகத் தெரிந்தது. விமானிக்காக எங்கள் பக்கத்தில் யாரும் கல் நடவில்லை, படம் மாட்டவில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், லீவு கிடைக்கவில்லை, தங்கச்சி சாவுக்குக் கோடியை மட்டும் ஆள் மூலம் கொடுத்துவிட்டான் என்கிற கணக்கில்தான் இன்றுவரை அவர் எங்கள் வீட்டில் பேச்சில் வருகிறார்.

திரும்பும் வழியில் பெரியப்பா காரை நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். மூன்று நாள் பட்டினிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். ஊருக்குள் நுழைந்தபோது கரகம் வந்துகொண்டிருந்தது. சித்தப்பா தலையில், மேளத்தோடு. தீட்டுக்காரர் என்பதால் பெரியப்பா காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஆட்டம் பத்தாது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அப்பா செலவைக் கூட்டிப் பார்த்தார். சேலை அறுநூற்று ஐம்பது. கார் மூவாயிரத்து ஐந்நூறு. புரோகிதருக்கு, குறைத்தது போக, ஆயிரத்து இருநூறு. கலயம், பூ, பழம் முந்நூற்று நாற்பத்தொன்பது. சாப்பாடு அறுநூறு. காப்பை அவிழ்த்ததற்கு ஊர் அபராதம் ஆயிரத்தொன்று. ஆக, அந்தக் கோடிக்கு எங்களுக்கு ஆனது ஏழாயிரத்து முந்நூறு ரூபாய்.